நாள் முழுக்க உழைத்தும் தெருவோர வியாபாரிகள் வறுமையிலிருந்து மீள முடியாதது ஏன்?

உழைப்பில் குறையில்லை, சொந்த முதல் கையில் நிற்பதில்லை. கோயம்பேட்டில் விடியற்காலையில் சரக்கு எடுக்கும் தள்ளுவண்டிக்காரர்கள் பலருக்கு அன்றைய காய்கறியே கடன்தான். காலையில் 900 ரூபாய் வாங்கினால் சாயங்காலம் 1000 கொடுக்க வேண்டும். ஒரே நாளில் 11 சதவீத வட்டி! மழையில் தக்காளி அழுகினாலும் வட்டிக்காரர் வந்து நிற்பார்.

கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சம்பளச் சீட்டும் அடமானமும் இல்லாதவருக்கு அவசரத்துக்குத் தினவசூலில் கடன் தரும் தண்டல்காரர்தான் கதி. 2020-ல் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டம் அடமானமின்றி முதலில் 10,000 ரூபாய் வரை கடன் தந்தது உண்மையிலேயே நல்ல விஷயம்.

சரி, தினம் கொஞ்சம் சேர்த்தால் கடனை விடலாமே? சேர்க்கிறார்கள். ஆனால் மருத்துவத்துக்கு இஎஸ்ஐ, சேமநிதிக்கு பிஎஃப் எதுவும் கிடையாது. பிள்ளைக்கு ஒரு வாரம் காய்ச்சல் என்றால் சேர்த்ததெல்லாம் போய், மறுபடி அதே 900 ரூபாய்க் கடன்.