மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மரும் 813 வால்வும்

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஒரு மைக்ரோவேவ் அவன் கிடைத்தது. அதன் டிரான்ஸ்பார்மரைப் பிளேட் சப்ளையாக (வால்வின் பிளேட்டுக்கு உயர் வோல்டேஜ் தரும் பகுதியாக) வைத்து, என் ஹாம் ரேடியோவுக்கு 813 என்ற வெற்றிடக் குழாய் வால்வில் ஆம்ப்ளிஃபயர் கட்டலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் தம்பி. அதன் செகண்டரியில், அதாவது வெளியீட்டுச் சுருளில், சுமார் 2000 வோல்ட் வரும். அதன் ஒரு முனையை இரும்புக் கோரோடு சேர்த்திருப்பார்கள். ஏசியை டிசியாக்கப் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் போட்டால் கோரே உயிர்க்கொல்லி ஆகிவிடும். கோரைச் சேஸிஸ் என்ற உலோகச் சட்டத்திலிருந்து தள்ளி வைத்தாலும், மெயின்ஸில் இணையும் பிரைமரிச் சுருளுக்கும் கோருக்கும் நடுவே அந்த வோல்டேஜைத் தாங்கும் இன்சுலேஷன் கிடையாது.

ஆனால் தூக்கிப் போடாதீர்கள். என் 813-இன் ஃபிலமெண்டுக்கு (வால்வைச் சூடாக்கும் இழைக்கு) அப்படி ஒரு டிரான்ஸ்பார்மர்தான் 10 வோல்ட், 5 ஆம்பியர் தருகிறது. செகண்டரியை அறுத்தெடுத்தேன், சுருள்களுக்கு இடையே இருந்த ஷண்ட் எனும், கரண்டை மட்டுப்படுத்தும் இரும்புத் துண்டுகளைத் தட்டி வெளியேற்றினேன். அப்போதும் சும்மா ஓடும்போதே கை வைக்க முடியாத சூடு. கோர் சாச்சுரேஷனை (இரும்பு அதற்கு மேல் காந்தமாக முடியாத எல்லையை) ஒட்டியே வடிவமைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். பிரைமரியோடு தொடராக, அதே திசையில் நாற்பது சுற்று சேர்த்ததும் சூடும் உறுமலும் அடங்கின. பிறகு செகண்டரி இருந்த இடத்தில் சோதனைக்குப் பத்துச் சுற்று போட்டேன், மீட்டர் 8.4 வோல்ட் காட்டியது. பன்னிரண்டில் வேலை முடிந்தது. பிளேட்டுக்கு, அதற்கென்றே சுற்றிய டிரான்ஸ்பார்மரை வாங்கிக்கொண்டேன்.

மைக்ரோவேவ் அவனைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளே ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கும். சார்ஜை இறக்க அதற்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் உண்டு. அது அறுந்திருந்தால் சார்ஜ் அப்படியே நிற்கும். நீண்ட இன்சுலேட்டட் குச்சியில் கட்டிய ரெசிஸ்டரால் இறக்காமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.