0-60 நேரத்தை நம்பலாமா?

கேள்வி: 2018 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, செவ்ரோலே கமாரோ எஸ்எஸ் இரண்டு கார்களையும் ஓட்டிப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு 0-60 நேரம் (நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட ஆகும் நேரம்) சொல்கிறார்கள். ஒரு டெஸ்ட்டில் இது முந்துகிறது, இன்னொன்றில் அது. யார் சொல்வது பொய்?

பதில்: யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, கடிகாரத்தை எப்போது ஓடவிட்டார்கள் என்று பாருங்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் பலவும் கார் முதல் ஒரு அடி உருண்ட பிறகுதான் நேரத்தை எண்ண ஆரம்பிக்கும். இதற்கு ரோல்அவுட் என்று பெயர். டிராக் ஸ்ட்ரிப்பில், அதாவது நேர்கோட்டுப் பந்தயத் தளத்தில், முன்சக்கரம் ஒளிக்கற்றையைத் தாண்டினால்தான் கடிகாரம் ஓடும், அங்கிருந்து வந்த வழக்கம் இது. அந்த ஒரு அடியில் மட்டும் சுமார் 0.2 முதல் 0.3 நொடி கழிந்துவிடும். நீங்கள் சண்டை போடுவதோ 0.1 நொடிக்கு! போதாததற்கு 60 மைல் என்பது 96.6 கி.மீ. வேகம்தான், அதை 0-100 கி.மீ. நேரத்தோடு ஒப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் டயர், தரையின் பிடிப்பு, அன்றைய வெப்பம், இடத்தின் உயரம், மேனுவல் கியரா ஆட்டோமேட்டிக்கா என்று எல்லாமே கணக்கில் வரும்.

என்னைக் கேட்டால் 0-60ஐ ஓரமாக வைத்துவிட்டு, கால் மைல், அதாவது 402 மீட்டர் முடிவில் கார் என்ன வேகத்தில் போனது என்று பாருங்கள். நேரம் பெரும்பாலும் கிளம்பிய விதத்தைக் காட்டும், கடைசி வேகம் பவரையும் எடையையும் காட்டும். ஒரே மாடலை இரண்டு பேர் ஓட்டி, நேரம் 0.3 நொடி தள்ளிப்போய் வேகம் மட்டும் ஒன்றாக இருந்தால், வித்தியாசம் என்ஜினில் இல்லை, கிளம்பும்போது சக்கரம் வழுக்கியதில் இருக்கிறது.

கேள்வி: டாட்ஜ் சேலஞ்சர் ஸ்கேட் பேக்குக்கு 485 ஹெச்பி (குதிரைத்திறன்), மஸ்டாங்குக்கு 460, கமாரோவுக்கு 455. அப்படியிருந்தும் சேலஞ்சர் ஏன் பின்தங்குகிறது?

பதில்: எடைதான். மற்ற இரண்டையும்விட 200 கிலோவுக்கு மேல் கூடுதல். பின்சீட்டில் பெரியவர்கள் நிம்மதியாக உட்காரலாம், அதற்கான விலை இது.

கேள்வி: சேலஞ்சரின் அதிவேக வகையான டாட்ஜ் டீமன் 0-60ஐ 2.3 நொடியில் தொடுமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் நிபந்தனைகளோடு. பசை பூசித் தயார் செய்த டிராக் ஸ்ட்ரிப் வேண்டும். எல்லோரும் சொல்லும் 840 ஹெச்பிகூட ரேஸ் பெட்ரோல் ஊற்றினால்தான், சாதாரண பெட்ரோலில் 808. கால் மைலை 9.65 நொடியில் முடிப்பதாக நிறுவனம் சொன்னதும் அப்படிப்பட்ட தரையில்தான். அதே காரை சாதாரண ரோட்டில் முழுசாக மிதித்தால் சக்கரம் சுற்றும், புகை வரும், நேரம் மட்டும் வராது.

கேள்வி: 1960களின் கார்கள் இன்றைய கார்களுக்கு ஈடாக ஓடியதாகச் சொல்கிறார்களே?

பதில்: அன்றைய ஹெச்பி கணக்கை இன்றைய கணக்கோடு ஒப்பிடாதீர்கள். 1972க்கு முன்பு ஆல்டர்னேட்டர், வழக்கமான சைலன்சர் எதுவும் மாட்டாத என்ஜினைத் தனியாக ஓட்டி எடுத்த எண்ணைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். பத்திரிகை டெஸ்ட்களிலும் தில்லுமுல்லு நடந்திருக்கிறது. 1964 போன்டியாக் ஜிடிஓ 4.6 நொடியில் 60ஐத் தொட்டதாக 'கார் அண்ட் டிரைவர்' எழுதியது. அந்தக் காரில் 389 கன அங்குல என்ஜினுக்குப் பதிலாக 421 இருந்ததைப் பல வருடம் கழித்து, போன்டியாக் விளம்பர வேலையைப் பார்த்துவந்த ஜிம் வேங்கர்ஸே சொல்லிவிட்டார்.