பூசைக்கு முன் ஒரு வாய் ரொட்டி

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மாமியாருக்கு 74 வயது. சீனி வியாதிக்குக் காலையில் இன்சுலின் போடுகிறோம். பூசை நாளில் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு, நன்மை (பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம்) வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். போன மாதம் டவுனிலிருந்து பூசை வைக்கும் சாமி (குருவானவர்) வர முக்கால் மணி நேரம் தாமதமானது. மாமியார் கோயிலிலேயே மயங்கி விழுந்தார். புறப்படும் முன் ஒரு பிளேன்டீ குடித்தான் என்று என் ஒன்பது வயது மகனையும் அன்று நன்மை எடுக்க விடவில்லை. “எதிர் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கிறார்கள், நமக்கு ஒரு பொழுது முடியாதா?” என்கிறார். சட்டம் என்ன?
- ஒரு மருமகள்

பதில்: சகோதரி, முதலில் ஊசியைப் பேசுவோம். இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருந்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அவர் விழுந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பூசை நாளிலும் அவர் வழக்கமான நேரத்தில் சாப்பிட்டே ஆகவேண்டும். கைப்பையில் கொஞ்சம் சீனியோ டொஃபியோ இருக்கட்டும்.

இதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை குறுக்கே நிற்கவில்லை. இன்று நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 919ஆம் சட்டம், நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உணவும் பானமும் வேண்டாம் என்கிறது. தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. வயது முதிர்ந்தவர்கள், நோயாளிகள், அவர்களைப் பராமரிப்பவர்கள் ஆகியோர் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். மாமியாருக்கு வயதும் இருக்கிறது, நோயும் இருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் அந்தச் சலுகை உண்டு என்பதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

அதே சட்டம், ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது பூசை வைக்கும் குருவானவர் இடையில் ஏதாவது சாப்பிடவும் அனுமதிக்கிறது. ஆகவே தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கும் சாமிக்கு யாராவது தேநீர் கொடுத்தால் முகம் சுளிக்கவேண்டாம்.

மாமியார் சொல்லும் விதி கற்பனை இல்லை. ஒரு காலத்தில் நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாதுதான். 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் நோன்பை முறிக்காது என்று அறிவித்தார். 1957இல் அதை இன்னும் தளர்த்தி, உணவுக்கு மூன்று மணி நேரம், மது அல்லாத பானங்களுக்கு ஒரு மணி நேரம் என்று ஆக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த 1964 நவம்பரில் ஆறாம் சின்னப்பர் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் என்றார். இப்போது வயதைக் கணக்குப் பாருங்கள். உங்கள் மாமியார் சிறு வயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய காலத்தில் நள்ளிரவு விதி பெரும்பாலும் போயிருக்கும். அவருடைய அம்மா கடைப்பிடித்ததைத்தான் அவர் கடைப்பிடிக்கிறார் என்று நினைக்கிறேன். அதனால்தான் சட்டத்தைக் காட்டினால் அவருக்குக் கோபம் வரும். அது அம்மாவைக் குறை சொல்வதுபோல் இருக்கும்.

பையன் விஷயத்தில் மாமியார் சொன்னது தவறு. பிளேன்டீ தண்ணீர்க் கணக்கில் வராது, உண்மை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைப் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடக்கூடாது. நன்மை வாங்கும் நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். சாமி முக்கால் மணி நேரம் தாமதம். அதற்குமேல் வாசகங்கள், பிரசங்கம், மன்றாட்டு எல்லாம் முடிந்துதான் நன்மை. அன்றைக்கு அவன் தாராளமாக எடுத்திருக்கலாம். இதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள், ஏதோ பாவம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கப் போகிறான். என்றாவது உண்மையாகவே நேரம் போதாமல் போனால், இருந்த இடத்திலேயே இருந்து செபிக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கந்தசஷ்டி விரதம் எதிர் லயத்தாரின் பக்தி, மதிக்கவேண்டியது. நமக்கும் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாட்கள்தான். ஆனால் அந்தக் கடமை 18 வயது முடிந்தவர்களுக்குத் தொடங்கி, 59 வயது முடிந்ததும் நின்றுவிடுகிறது. இதையும் மாமியாரிடம் இப்போதே சொல்லி வீட்டில் இன்னொரு சண்டையை மூட்டவேண்டாம்.

இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டாதீர்கள். மருமகள் சொல்லி மாமியார் விதியை மாற்றிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த பூசைக்குச் சாமி வந்ததும், மயங்கி விழுந்ததைச் சொல்லி, “அம்மா, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்” என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். நடக்கவே முடியாத நாளில் நற்கருணையை லயத்துக்கே கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் ஆண்டவருக்காக எதையாவது ஒறுத்தே தீருவேன் என்று அவர் நின்றால், வெற்றிலை போடும் பழக்கம் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் பூசை முடியும்வரை அதை விடச் சொல்லுங்கள். ரொட்டியை விடுவதைவிட அது அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.