கொல்லிமலை ஏறத் திணறும் தண்டர்பேர்டுக்கு 400 சிசி போரிங் தேவையா?

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 இருக்கிறது. 62,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, ஒரு பையையும் கட்டிக்கொண்டு கொல்லிமலை ஏறினால் வண்டி மூச்சு வாங்குகிறது. பாதி வளைவுகளில் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. முன்பு இப்படி இல்லை. நண்பர் ஒருவர் மூலம் வந்த மெக்கானிக், 45,000 ரூபாய் கொடுத்தால் என்ஜின் துளையைக் கடைந்து 400 சிசியாக போர் செய்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேமை மாற்றி, புகை தடையில்லாமல் வெளியேறும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டி 28 பிஎச்பி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஆர்டிஓ விஷயத்தையும் அவரே பார்த்துக்கொள்வாராம். செய்யலாமா? – நாமக்கல் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் எனக்கு வேண்டியது: ‘முன்பு இப்படி இல்லை.’ அதே மலை, அதே வண்டி, ஆட்களும் அதே இருவர். முன்பு ஏறியது, இப்போது ஏறவில்லை. அப்படியானால் என்ஜினிடம் இருந்த சக்தி எங்கேயோ ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஒழுகும் குடத்தை வைத்துக்கொண்டு பெரிய குடம் விலை கேட்கிறீர்கள்.

முதலில் இந்த டார்க், பவர் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கிணற்றில் நீர் இறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கனமான வாளியை இழுக்க முடியும் என்பது டார்க். நிமிடத்துக்கு எத்தனை வாளி மேலே வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பவர். மலை ஏறுகிறவருக்கு, அதுவும் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மெதுவாக ஏறுகிறவருக்கு, குறைந்த சுற்றில் கனமான வாளி வேண்டும். உங்கள் வண்டி புதிதாக இருந்தபோது 4000 ஆர்பிஎம்மில் 28 நியூட்டன் மீட்டர் டார்க், 5250-இல் 19.8 பிஎச்பி. இரண்டும் ஒரே இடத்தில் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது மெக்கானிக் சொன்ன கணக்குக்கு வருவோம். உங்கள் என்ஜினில் பிஸ்டன் ஓடும் துளை 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமான ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் 400 சிசி ஆக்க வேண்டுமென்றால் துளையை 75 மில்லிமீட்டருக்கு மேல் கொண்டுபோக வேண்டும். ஐந்து மில்லிமீட்டரை அந்தத் துளையின் உள்சுவரான லைனரில் எங்கிருந்து சுரண்டுவது? சரி, வேறு லைனர் இறக்கிச் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் குழிவை அப்படியே விட்டால், பெட்ரோல் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்று சொல்லும் கம்ப்ரஷன் 8.5-லிருந்து 9.7-ஐ நெருங்கும். காற்றில் குளிரும் என்ஜின், மலையேற்றம், இரண்டு பேர் பாரம், மேல் கியரில் இழுவை. நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடித்து என்ஜினைத் தட்டுவது, வருவதற்கு இதைவிடப் பொருத்தமான சூழ்நிலையை என்னால் ஏற்பாடு செய்து தர முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் சிசி கூடிய விகிதத்தில் சக்தி கூடினால் 23 பிஎச்பிதான் வரும். மீதி ஐந்துக்கு என்ஜினை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்க வேண்டும். அதற்குத்தான் கேம். அந்த மாதிரி கேம் கீழே இருக்கும் இழுவையை எடுத்து மேலே கொடுக்கும். அதாவது, கொல்லிமலையில் உங்களுக்கு எது தேவையோ அதைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிறீர்கள். சைலன்சரும் அதே கதை. சத்தம் கூடுவதால் வேகம் கூடியது போல ஒரு பிரமை வரும்; காதுக்கு வரும் பிக்கப் சக்கரத்துக்கு வருவதில்லை.

இந்த இடத்தில், வண்டியை மேடையில் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் டைனோ சீட்டைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மொபைலில் ஒரு வளைகோட்டுப் படத்தைக் காட்டி ‘28 வந்துச்சு சார்’ என்பார்கள். யாருடைய வண்டி, வேலைக்கு முன் எவ்வளவு, வேலைக்குப் பின் எவ்வளவு, அதே மேடையில் அதே நாளில் எடுத்ததா என்று கேளுங்கள். நிறுவனம் சொல்லும் 19.8 என்பது கிராங்க்கில், அதாவது என்ஜின் தண்டிலேயே, அளந்தது. பின்சக்கரத்தில் அளந்தால் கியர், செயின் எல்லாம் தின்றது போகக் குறைவாகத்தான் வரும். இந்த வித்தியாசத்தைத் தலைகீழாக்கியே பாதி வியாபாரம் நடக்கிறது. சக்கரத்தில் அளந்த பழைய எண்ணையும் கிராங்க்குக்கு ‘திருத்திய’ புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பாமல் இரண்டு மூன்று பிஎச்பி பிறந்துவிடும்.

இரண்டு வருடம் முன்பு என்னிடம் ஒரு வண்டி வந்தது. இதே போல போர் செய்தது, வேறொரு ஊரில். நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. லைனர் வெடித்து, பிஸ்டன் கீறி, கனெக்டிங் ராட் பேரிங் வரை போயிருந்தது. செய்தவருக்குப் போன் போட்டால் ‘ரன்னிங்-இன்ல விரட்டிட்டீங்க’ என்றாராம். இந்த வேலைக்கு வாரண்டி என்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. பில்லே கொடுப்பதில்லையே.

அப்புறம், உங்கள் வண்டியில் உண்மையில் என்ன பார்க்க வேண்டும்? இந்த என்ஜினுக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஊருக்குள் வித்தியாசமே தெரியாது. மலையில் தெரியும். ஒரு பக்க பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டே வந்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; மறுபக்க பிளக் வண்டி வாங்கிய நாளில் போட்டதாகவே இருக்கும். இரண்டையும் கழற்றி, கேப்பில் மாட்டி, என்ஜின் உடம்பில் தொட வைத்து செல்ஃப் அடியுங்கள். இரண்டிலும் தீப்பொறி வர வேண்டும்.

அடுத்தது கார்புரேட்டர். அதற்குள் மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் ஒன்று இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் திருகும்போது ஸ்லைடைத் தூக்குவது அதுதான். பத்து வருடத்தில் அதில் ஊசிமுனை அளவு கிழிசல் விழுந்தால் போதும். ஐடிலிங் நன்றாக இருக்கும், முழுக்கத் திருகினால் இழுக்காது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளைதான் ஜெட். அந்தக் காலத்து ஜெட் அளவுக்கு இது கொஞ்சம் வறண்ட கலவையாகிவிடும், அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்துவிடும். இழுவை குறையும், சூடு ஏறும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி வைத்திருப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்ரோலையே மாற்றிவிட்டார்கள். பழைய வண்டிக்கு எந்த ஜெட் போடுவது என்று ஒரு துண்டுச் சீட்டாவது பங்க்கில் ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை.

கிளட்ச் நழுவுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். உங்கள் வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இருக்கிறது. நான்காவது கியரில் ஏற்றத்தில் முழுக்கத் திருகினால் முள் மட்டும் எகிறி, வேகம் கூடாமல் நின்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. பின் டிஸ்க் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதையும் சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இந்தச் சோதனைகளின்போது இரண்டு ஏமாற்று வேலைகள் நடக்கும். ஒன்று, ‘டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்’ என்று பில் போடுவது. டேப்பெட் என்பது கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் பாகம்; உங்கள் என்ஜினில் இருப்பது ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட். அதில் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமே இல்லை. இப்படிச் சொல்பவர் பழைய புல்லட் ஞாபகத்தில் சொல்கிறார், அல்லது உங்களைப் புல்லட் தெரியாதவர் என்று நினைத்துச் சொல்கிறார். இரண்டாவது, கம்ப்ரஷன் கேஜை வைத்து ‘பாருங்க, முள்ளே ஏறல, என்ஜின் போச்சு’ என்பது. செல்ஃப் அடிக்கும்போது சுமை குறையட்டும் என்று எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் ஆட்டோ டிகம்ப்ரஷன் ஏற்பாடு இந்த என்ஜினில் உண்டு. நல்ல என்ஜினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும். காற்றழுத்தம் செலுத்தி ஒழுகல் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். சைலன்சரில் புஸ் என்று சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் வந்தால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் வந்தால் ரிங்கும் லைனரும். காது இருந்தால் போதும், கேஜ் வேண்டாம்.

ஆயில் துளையில் வருகிறதா? அப்போது மட்டும் நீங்கள் போரிங்குக்கு வண்டியை விடலாம். இந்த விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர் ஒற்றுமையில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தேய்ந்த லைனரைச் சீராக்க அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது ரீபோர். இது ரிப்பேர். 70 மில்லிமீட்டர் 70.5 ஆனால் 346 சிசி என்பது 351 ஆகும். 71 ஆனால் 356. ‘அப்போ 350-ஐத் தாண்டிவிட்டதே, ஆர்சி புத்தகத்தில் வேறு இருக்கிறதே’ என்று பயப்பட வேண்டாம். தேய்மானத்துக்கு மருந்தாகச் செய்வதை என்ஜின் மாற்றம் என்று எவரும் எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பத்து சிசியால் கூடுதல் சக்தி என்று எதுவும் கிடைக்காது. இருந்தது திரும்பக் கிடைக்கும். 62,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு அந்தத் ‘திரும்பக் கிடைப்பது’ பெரிய விஷயம். ஓட்டிப் பார்த்தால் புது வண்டி போலத் தோன்றும். அந்த உணர்வைத்தான் சிலர் ‘பவர் அப்கிரேட்’ என்று பெயர் மாற்றி மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். லேத்துக்குப் போவதற்கு முன் துளையை மேலே, நடுவில், கீழே மூன்று இடத்திலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். தேய்மானம் இல்லையென்றால் கடையவே கூடாது. ஒருமுறை எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

‘ஆர்டிஓ-வை நான் பார்த்துக்கறேன்’ என்கிறாரே, அவரிடம் எந்தப் படிவம் என்று கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, நிறுவனம் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். 346-ஐ 400 ஆக்கிப் பதிவு செய்யும் வழி அங்கே இல்லை. இல்லாத கதவுக்குச் சாவி விற்கிறார் உங்கள் நண்பரின் நண்பர்.

இதில் எனக்குக் கோபமும் உண்டு. நேர்மையாக, நல்ல பிரேக்கோடு, புகை அளவோடு வண்டியை மேம்படுத்திப் பரிசோதனைக்கு நிறுத்தி அனுமதி வாங்கும் ஏற்பாடு நம் ஊரில் இல்லை. ஆனால் காதைக் கிழிக்கும் சைலன்சர் கடையில் பகிரங்கமாகத் தொங்குகிறது, ஜிஎஸ்டி பில்லோடு கிடைக்கிறது. விற்பவரை விட்டுவிட்டு மாட்டியவரைச் சாலையில் நிறுத்துகிறார்கள். கழற்றி வாங்கிய சைலன்சர்களை வரிசையாகப் போட்டு ரோலர் ஏற்றி நசுக்கிப் படம் எடுக்கிறார்கள். மறுநாள் அதே கடை திறந்திருக்கும்.

போலீஸ் பிடிப்பதைவிட இன்சூரன்ஸ்தான் உங்களை அதிகம் காயப்படுத்தும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 350 சிசி ஓர் எல்லைக்கோடு. 2022-இல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 வரை 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804. நீங்கள் கீழ்ப்படியில் கட்டிவிட்டு 400 சிசி ஓட்டுகிறீர்கள். என்ஜின் எண் மாறவில்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்பார் மெக்கானிக். சாலையில் தெரியாதுதான். விபத்து நடந்த பிறகு, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நின்றால் தெரியும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் போதும். இரண்டை நீங்களே மாட்டிக் கொடுக்கிறீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இழுவை போதவில்லை என்றால், செயினை ஓட்டும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 17 பல் 16 ஆனால் சக்கரத்தில் இழுவை ஏறக்குறைய ஆறு சதவீதம் கூடும். நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு என்ஜின் ஆறு சதவீதம் கூடுதலாகச் சுற்றும், கொஞ்சம் பெட்ரோலும் கூடும். பிடிக்கவில்லையென்றால் அரை மணி நேரத்தில் பழையதை மாட்டிவிடலாம்.

இரண்டாவது கியரைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்குப் புரியவில்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் எந்த என்ஜினும் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். இந்த வண்டியின் டார்க் 4000-இல் இருக்கிறது. மூன்றாவது கியரில் 2200-இல் டக் டக் என்று அடிக்க விடுவதைவிட, இரண்டாவதில் 3500-இல் ஏற்றுவது என்ஜினுக்கும் நல்லது, பின்னால் இருப்பவரின் இடுப்புக்கும் நல்லது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் அந்த 45,000-ஐ அடுத்த வண்டிக்கு முன்பணமாக வையுங்கள். அதே கம்பெனியின் சூப்பர் மீட்டியோர் 650-இல் 52 நியூட்டன் மீட்டர் இருக்கிறது. 241 கிலோ எடை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், கொண்டை ஊசியில் ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டியது நீங்கள்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஒன்று பழுப்பாகவும் ஒன்று கரிப்பிடித்து ஈரமாகவும் இருந்தால் இவ்வளவு நீளமாக நான் எழுதியிருக்கவே வேண்டாம்.