நாயும் நீல பம்ப்பும்: வாசகர் கேள்விகளுக்கு மிருக டாக்டரின் பதில்கள்

சுமத்ரா பக்கமிருந்து புகைமூட்டம் வந்து இறங்கும் மாதங்களில் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பல வீடுகளில், இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் வாயில் வைத்து இழுக்கும் நீல பம்ப் சட்டைப்பையை விட்டு மேசைக்கு வந்துவிடும். மேசைக்கு வந்தது நாய்க்கும் எட்டும். "டாக்டர், நாய் இழுப்பு மருந்தத் தின்னுடுச்சு" என்று போன் வந்தால் முதலில் "எந்த மருந்து?" என்றுதான் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இழுப்புக்கு என்று ஒரே மருந்து கிடையாது. சிலது வயிற்றுக் கடுப்போடு போகும், சிலது நாயைக் கொன்றுவிடும்.

லயத்து வாசலில் அப்பா வைத்திருந்த நீல பம்ப்பை எங்கள் ஜிம்மி கடித்துவிட்டான். 'புஸ்' என்று சத்தம் கேட்டது. டப்பா ஓட்டையாகிக் கிடக்கிறது, ஆனால் எதையும் விழுங்கவில்லை. கால் மணி நேரத்தில் மூச்சு வாங்குகிறது, உடம்பு நடுங்குகிறது. விழுங்காததால் ஆபத்தில்லைதானே?

இவருக்கு அன்றே போனில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நீல பம்ப்பில் இருப்பது சல்பியூட்டமால். வெண்டோலின் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒரு அமுக்குக்கு 100 மைக்ரோகிராம், புது டப்பாவில் 200 அமுக்கு. ஆக மொத்தம் 20 மில்லிகிராம். நாயின் பல் தகரத்தைத் துளைத்தால், அப்பா மாதக்கணக்கில் இழுக்க வேண்டியது ஒரே நொடியில் பீய்ச்சி அடிக்கிறது. கொஞ்சம் காற்றில் போகும். மீதி நாயின் வாய்த்தோல் வழியாகவும் நுரையீரல் வழியாகவும் நேராக ரத்தத்தில் ஏறும். வயிற்றுக்குப் போகவே தேவையில்லை. அதனால் வாந்தி எடுக்க வைத்தும் பயனில்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒரு நாயை வாந்தி எடுக்க வைக்கப் போராடி அரை மணி நேரத்தைத் தொலைத்தேன். நாய் பிழைத்தது, என் புத்தியால் அல்ல.

மனிதருக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் இந்த மருந்து, அளவு மீறினால் இதயத்தைத் துரத்தும். ஓய்வாகப் படுத்திருக்கும் நாயின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 140 வரை துடிக்கும். இந்த விஷத்தில் 200-ஐத் தாண்டிவிடும். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், நெஞ்சில் உள்ளங்கையை வையுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். போனில் அந்த எண்ணைச் சொன்னாலே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். கூடவே ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். நாய் தள்ளாடும், பின்னங்கால் துவளும், துடிப்பு தாளம் தப்பும்.

இன்னொன்று, வாயைத் திறந்து பாருங்கள். மருந்தைத் தள்ளும் வாயு மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் ஜாதி. அது பட்ட உதடும் நாக்கும் குளிரில் வெந்து முதலில் வெளுக்கும், பிறகு சிவந்து புண்ணாகும்.

கிளினிக்கில் ஈசிஜி பார்ப்போம், ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்போம், இதயத்தை அடக்க புரோப்ரனோலால் போடுவோம், பதற்றத்துக்கு டயசிபாம். 12 மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். "புரோப்ரனோலால் எங்க பாட்டிகிட்டயே இருக்கே" என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் ஐயா. துடிப்பைப் பார்த்துப் பார்த்து ஊசியில் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதை மாத்திரையாகக் கொடுத்தால், ஓடுகிற இதயம் நின்றுபோகும்.

எல்லாக் கிளினிக்கிலும் ஈசிஜி இருக்காது. புறப்படும் முன் போன் போடுங்கள், இல்லையென்றால் நேராக ஈப்போவுக்கு விடுங்கள், ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். கடிபட்ட டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாயை மோட்டாரில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டு வராதீர்கள். ஏற்கெனவே ஓடும் இதயத்துக்கு அந்தப் பயமும் வேண்டாம்.

பொட்டாசியம் இறங்கும் என்கிறீர்கள். இளநீரும் வாழைப்பழமும் கொடுத்தால் ஈடாகாதா? உப்புத் தண்ணீர் ஊற்றினால் வாந்தி வரும் என்றும் தோட்டத்தில் சொல்கிறார்கள்.

இளநீர்க் கேள்வி நல்ல கேள்வி. கேட்டவர் யோசித்திருக்கிறார். ஆனால் இங்கே பொட்டாசியம் உடம்பை விட்டு எங்கேயும் போகவில்லை. மருந்து அதை ரத்தத்திலிருந்து விரட்டிச் செல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் எல்லாம் வெளியே வரும். அந்த நேரம் பார்த்து நாம் வெளியிலிருந்தும் ஊற்றியிருந்தால் அளவு கூடிப்போகும். பொட்டாசியம் கூடினாலும் இதயத்துக்கு ஆபத்துதான். நாங்கள் டிரிப்பில் ஏற்றும்போதே மறுபடி மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். நடுங்கும் நாயின் தொண்டையில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும், அது தனிக் கதை.

உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கினால் மூளை வீங்கி வலிப்பு வரும். புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், பால் எதுவும் வேண்டாம்.

தாத்தா இழுப்புக்குச் சாப்பிடும் தியோபிலின் மாத்திரை 250 மில்லிகிராம், இரண்டைக் காணவில்லை. எங்கள் கறுப்பன் 10 கிலோ. மூன்று மணி நேரமாகிறது, நன்றாகத்தான் ஓடியாடுகிறான். பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம், உடனே கொண்டு வாருங்கள். இவன் ஓடியாடுவதுதான் எனக்குக் கவலை.

தியோபிலினை நாய்க்கு மருந்தாக நாங்களே எழுதுவதுண்டு, கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில். இரண்டு மாத்திரை என்றால் கறுப்பனுக்குக் கிலோவுக்கு 50, ஐந்து மடங்கு. தாத்தாவுக்குத் தரும் மாத்திரை மெதுவாகக் கரையும்படி செய்தது. அதனால் வாந்தி, தாகம், இருப்புக்கொள்ளாமை, படபடப்பு எல்லாம் பல மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். முற்றினால் வலிப்பு.

மெதுவாகக் கரைவதில் ஒரு வசதியும் இருக்கிறது: மாத்திரை இன்னும் வயிற்றில் கிடக்கலாம். பம்ப் கதைக்கு நேர்மாறாக, இங்கே கிளினிக்கில் வாந்தி எடுக்க வைப்பதும் கரித்தூள் கொடுப்பதும் உதவும். காப்பித்தூளும் சாக்லெட்டும் நாய்க்கு ஆகாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தியோபிலின் அவற்றின் நஞ்சுக்குப் பங்காளி.

மகளுக்கு இழுப்புக்குக் கொடுக்கும் மொன்டெலுகாஸ்ட் மெல்லும் மாத்திரை நாலைந்தை நாய் தின்றுவிட்டது. செர்ரி வாசனை வேறு.

வாசனைக்காகத் தின்றிருக்கும். நாய்க்கு இது அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. ஒருமுறை வாந்தி வரலாம், தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எடையையும் எண்ணிக்கையையும் போனில் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு மட்டும் உள்ள பம்ப்பும், ஒரே தடவை விழுங்கிய சில பிரெட்னிசோலோன் மாத்திரைகளும் பெரும்பாலும் இந்த வகைதான். நாய் நிறையத் தண்ணீர் குடித்து வீடெல்லாம் நனைக்கும், அவ்வளவே.

ஆனால் பம்ப்பின் நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், பெயரை வாசியுங்கள். சல்மெட்ரால் அல்லது ஃபோர்மோட்ரால் கலந்திருந்தால் அது நீல பம்ப்பின் அண்ணன், வேகம் இன்னும் அதிக நேரம் நிற்கும்.

பிள்ளைக்குக் கொடுத்த சல்பியூட்டமால் சிரப் கொட்டியதை நாய் நக்கிவிட்டது. பம்ப் இல்லையே, சிரப்தானே?

ஐந்து மில்லியில் 2 மில்லிகிராம் என்று போத்தலில் போட்டிருக்கும். 60 மில்லி போத்தலில் 24 மில்லிகிராம், முழு பம்ப்பை விடக் கூடுதல். இனிப்பு என்பதால் நாய் மிச்சம் வைக்காது. கொட்டியது ஒரு கரண்டியா அரைப் போத்தலா என்று பார்த்துவிட்டு, உடனே போன் செய்யுங்கள். சீனி இல்லாத சிரப் என்றால் சைலிட்டால் இருக்கிறதா என்றும் வாசியுங்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும்.

எங்கள் கிழட்டு நாய்க்கும் என்னைப் போலவே இருமல். என் பம்ப்பை இரண்டு தடவை அடித்துவிடலாமா?

அடிக்க வேண்டாம். ஆஸ்துமா பூனைக்கு வரும், நாய்க்கு அபூர்வம். கொசு மண்டிய நம் செம்பனைக் காட்டோரத்தில் வயதான நாய் இருமினால் எனக்கு முதலில் தோன்றுவது இதயப்புழு, அடுத்து இதயநோய். பலவீனமான அந்த இதயத்தைத்தான் உங்கள் பம்ப் துரத்தப் போகிறது. சில நாய்களுக்கு முகமூடி வைத்து நாங்களே பம்ப் கொடுப்பதுண்டு, பரிசோதித்த பிறகு. கூட்டி வாருங்கள், ரத்தம் எடுத்துப் பார்ப்போம்.

எண் பூஜ்யம் காட்டும் பழைய பம்ப்பை நாய்க்கு விளையாடக் கொடுக்கலாமா?

கூடாது. பூஜ்யம் காட்டினாலும் டப்பாவுக்குள் வாயுவும் கொஞ்சம் மருந்தும் மிச்சம் இருக்கும். வீட்டுக் குப்பையோடு எரிக்கவும் செய்யாதீர்கள், வெடிக்கும். மருந்து வாங்கும் இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். அதுவரை மூடியுள்ள டின்னில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.