கென்யா மாப்பிள்ளையும் காட்பாடி அப்பாவும்

கேள்வி: எங்கள் மகள், வேலூரில் தன்னுடன் பொறியியல் படித்த கென்யா நாட்டுப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். நாங்கள் சாதி பார்க்கிறவர்கள் இல்லை. மூத்த மருமகள் வேறு சாதிதான். ஆனாலும் என் கணவர் ‘ஊர் என்ன சொல்லும்’ என்று சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. மகள் எங்களை உட்காரவைத்து ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ என்ற பழைய அமெரிக்கப் படத்தைக் காட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கட்டிக்கொள்ள நினைக்கும் கறுப்பின மாப்பிள்ளை பெரிய டாக்டர். இந்தப் பையனுக்குச் சாதாரண கம்பெனி வேலை. படத்தை வைத்து வாழ்க்கையை முடிவு செய்ய முடியுமா?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: முடியாதுதான், சகோதரி. ஆனால் உங்கள் கண்ணில் பட்ட விஷயம் முக்கியமானது. 1967ல் படம் வந்தபோதே ‘இவ்வளவு குறையில்லாத மாப்பிள்ளை எங்கே இருக்கிறான்’ என்று பலர் கேட்டார்கள். இயக்குநர் ஸ்டான்லி கிராமர் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார். படிப்பு, பணம், குணம் எதிலும் குறை சொல்ல முடியாவிட்டால், மறுப்பதற்கு மிஞ்சுவது தோல் நிறம் மட்டும்தான். பெண்ணின் அப்பாவோ பத்திரிகை நடத்துகிறவர், ஊருக்கெல்லாம் சமத்துவம் சொன்னவர். தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் தடுமாறுகிறார்.

உங்கள் வீட்டில் தப்பிக்க வழி இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை என்பதைச் சம்பளம் போதவில்லை என்று சொல்லிவிடலாம். அதே சம்பளத்தில் ஆம்பூர் பையன் ஒருவர் வந்திருந்தால் என்னென்ன கேட்டிருப்பீர்கள்? அத்தனையும் இவரிடமும் கேளுங்கள். கடன் உண்டா, முன்பே கல்யாணம் ஆனவரா, எந்த நாட்டில் குடித்தனம்? அதற்கெல்லாம் பதில் வந்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், அது நிறம்தான் என்று நீங்களும் கணவரும் வாய்விட்டுச் சொல்லிப் பேசுங்கள். பெண் பார்க்கும்போதே ‘நல்ல செவப்பா?’ என்று கேட்கிற ஊர் நம்முடையது. இதில் வெட்கப்பட்டு மூடி வைக்க ஒன்றுமில்லை.

ஊர் பேசும். வேலூர் ஆற்காடு ரோடு லாட்ஜுகளில் வங்காளி எழுத்தில் பலகை வைத்து வெளியூர்க்காரர்களை வரவேற்கிற ஊர்தான் இது. ஆனால் வாடிக்கையாளரும் மாப்பிள்ளையும் ஒன்றில்லை அல்லவா?

சட்டத்தில் தடை இல்லை. அந்தப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவின் 16 மாநிலங்களில் இப்படிப்பட்ட கல்யாணமே குற்றம்; 1967 ஜூன் 12ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை ரத்து செய்தது. மதமோ நாடோ வேறாக இருந்தாலும் பதிவுத் திருமணத்துக்கு வழி தரும் நம் சிறப்புத் திருமணச் சட்டம் 1954லேயே வந்துவிட்டது. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது தங்கியிருக்க வேண்டும். திருமணப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருந்து, 3 சாட்சிகளோடு முடிக்கலாம். பெற்றோர் சம்மதம் இல்லை என்பது அங்கே ஆட்சேபமாக எடுபடாது. பையனுக்கு வேறு திருமணம் இல்லை என்ற சான்றிதழை அவர் நாட்டுத் தூதரகத்தில் வாங்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. வெளிநாட்டவரைக் கட்டியதாலேயே உங்கள் மகளின் இந்தியக் குடியுரிமை போய்விடாது.

படத்தில் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. ‘உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் நான் விலகிக்கொள்கிறேன்’ என்று மாப்பிள்ளை பெண்ணின் பெற்றோரிடம் தனியாகச் சொல்கிறார். பெண்ணுக்கே அது தெரியாது. உங்கள் கணவர் அந்தப் பையனுக்கு ரகசியமாகப் போன் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அதில் வரும்: பையனின் அப்பாவும் எதிர்ப்பார். கென்யாவிலும் ஒரு அப்பா இப்போது சாப்பிடாமல் இருக்கலாம். அங்கே பல சமூகங்களில் சீர் கொடுப்பது மாப்பிள்ளை வீட்டார் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லிவையுங்கள், கொஞ்சம் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர்கள் ஊர் மக்காச்சோள உகாலி கிட்டத்தட்ட நம் களிதான், அதனால் சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். சம்பளத்தை அப்புறம் விசாரிக்கலாம். முதலில், ‘உங்க வீட்ல என்ன சொல்றாங்க?’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் கணவராக இருந்தால் இன்னும் நல்லது.