நம்பாததைப் பேசுவது பொய்யா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விவாதப் போட்டி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. ஆனால் உடன்பாடே இல்லாத தரப்பைக் கொடுத்துப் பேசச் சொல்லும்போது பொய் சொல்வதுபோல் உறுத்துகிறது. இதில் என்னதான் கற்றுக்கொள்கிறேன்?

பதில்: உறுத்தட்டும், நல்லதுதான். பிரிட்டிஷ் பாராளுமன்ற முறை என்ற விவாதப் போட்டி வடிவத்தில் தலைப்பு கைக்கு வந்த 15 நிமிடத்தில் பேச எழ வேண்டும், எந்தத் தரப்பு என்பதும் உங்கள் கையில் இல்லை, அது அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் ஏமாறுவதில்லை. அப்புறம் பொய் எங்கே வந்தது? புள்ளிவிவரத்தை இட்டுக்கட்டினால் அது பொய். அதைச் செய்யாதீர்கள்.

சரி, கற்பது என்ன? பேச்சை விடுங்கள். 4 அணி, 8 பேர், ஆளுக்கு 7 நிமிடம் என்றால், 7 நிமிடம் பேசிவிட்டு 49 நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரணியின் சொத்தையான வரியைப் பிடித்துக் கிழிப்பது சுலபம் (நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன், கைதட்டல் கிடைக்கும், நடுவர் மசியமாட்டார்). அவர்களுடைய பலமான வாதத்தை அவர்களைவிட நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டு அதை மறுப்பதில்தான் வித்தை இருக்கிறது, பிடிக்காத தரப்பில் நாலு தடவை நின்று பார்க்காதவருக்கு அது கைவராது.

எதிரணியினர் பேசும்போது, அவர்களுடைய முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர நடுவில் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்பது போட்டி விதி. வீட்டில் அம்மாவிடம் அது செல்லாது, ஜாக்கிரதை.